மிகை எது? : தொகுப்பியின் வாசிப்பும் எழுதியவன் மீதான பழியும்

1

நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் ‘கூறியது கூறல்’, ‘மிகைபடக் கூறல்’ இரண்டும் உண்டு. தமிழ் எம்.ஏ. படித்த எவருக்கும் இது மனப்பாடம். ஒரு பிரதியில் எது மிகை என்று யார் முடிவு செய்வது என்ற கேள்வி மட்டும் வகுப்பறையில் எழுந்ததில்லை. அதைக் கேட்டவர்கள் பழைய உரையாசிரியர்கள். சூத்திரத்தில் வேண்டாத சொல் ஒன்று கிடந்தால் அவர்கள் அதை வெட்டி எறிவதில்லை. ‘வேண்டாது கூறி வேண்டியது முடித்தல்’ என்ற உத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மிகையால் ஆசிரியர் வேறு எதையோ உணர்த்துகிறார் என்று தேடப் போவார்கள். பல இடங்களில் இது வலிந்து பொருள் கொள்வதுதான். எனினும் அதன் பின்னே ஒரு நம்பிக்கை இருக்கிறது: எழுதியவன் சும்மா எழுதியிருக்க மாட்டான்.

இந்த நம்பிக்கை கொஞ்சமும் இல்லாத ஒரு வாசகனைப் பற்றியது இக்கட்டுரை. அவன் பெயர் கம்பைலர். தமிழில் ‘தொகுப்பி’ என்கிறார்கள். மனிதர் எழுதும் நிரல் மொழியை எந்திரம் இயக்கும் கட்டளைகளாக மாற்றித் தருகிற மென்பொருள் அது. வெறும் மொழிபெயர்ப்போடு அது நிற்பதில்லை. வேகம் கருதி நிரலைத் திருத்தவும் செய்கிறது. இந்தத் திருத்தத்துக்கு ‘ஆப்டிமைசேஷன்’ என்று பெயர், உகப்பாக்கம் எனலாம். திருத்திய பிரதி மூலப் பிரதி தருகிற விடையையே தர வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். இந்த ஒப்பந்தம் முறிந்த வரலாறு நீளமானது. முறிந்தபோதெல்லாம் பழி யார் மேல் விழுந்தது என்பதே என் அக்கறை.

2

உகப்பாக்கத்தைக் கம்பைலரோடு பிற்காலத்தில் ஒட்டவைத்த அலங்காரம் என்று நினைக்கக் கூடாது. கூடவே பிறந்தது அது. ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு 1954இல் தொடங்கி 1957இல் ஃபோர்ட்ரான் கம்பைலரை வெளியிட்டபோது, எதிரே நின்றவர்கள் எந்திர மொழியிலேயே எழுதிப் பழகிய நிரலர்கள். எந்திரம் எழுதும் நிரல் எங்கள் கை எழுதும் நிரலுக்கு ஈடாகுமா என்பது அவர்கள் கேள்வி. வேகத்தில் பாதியாக இருந்தால்கூட ஒருத்தரும் தொட மாட்டார்கள் என்று பேக்கஸ் குழுவுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அவர்களுடைய உழைப்பில் பெரும்பங்கு மொழியை வடிவமைப்பதைவிட, வெளிவரும் எந்திரக் கட்டளைகளை இறுக்குவதில் போயிற்று. அதே 1957இல் ஐபிஎம்மில் சேர்ந்த ஃபிரான்சிஸ் ஆலனுக்குக் கொடுத்த முதல் வேலை, தயங்கி நின்ற விஞ்ஞானிகளுக்கு ஃபோர்ட்ரான் கற்றுக் கொடுப்பது. பிற்பாடு ஜான் காக்குடன் சேர்ந்து உகப்பாக்க உத்திகளுக்கு ஒரு பட்டியலே தயாரித்தவர் அவர். கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்ற முதல் பெண்ணும் (2006) அவரே.

அந்த உத்திகள் நமக்குப் புரியாதவை அல்ல. நூறு வண்டிக் கரும்புக்கு விலை போடும்போது, டன்னுக்கு இன்ன விலை, இன்ன கழிவு என்பதை வண்டிக்கு வண்டி புதிதாகக் கணக்குப் போடாமல் ஒரு தடவை போட்டு ஓரமாக வைத்துக்கொள்வது ஒன்று. ஒரே கூட்டல் இரண்டு இடத்தில் வந்தால் ஒரு தடவை மட்டும் செய்வது இன்னொன்று: கூறியது கூறல் நீக்கம். போட்ட கணக்கின் விடையைப் பிறகு யாருமே எடுத்துப் பார்க்கவில்லை என்றால் அந்தக் கணக்கையே தூக்கிவிடுவது மூன்றாவது: மிகைபடக் கூறல் நீக்கம். ஆக, கம்பைலர் ஒரு கறாரான நன்னூல் மாணவன். குற்றம் களைகிற வேகத்தில் அதே பட்டியலில் உள்ள ‘குன்றக் கூறல்’ என்ற குற்றத்தை எப்போது செய்தோம் என்பது அவனுக்கே தெரியாமல் போகிறது.

3

பிழைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தப் பிரிவைக் கலக்கிவிட்டால் விவாதமே குழம்பிவிடும்.

முதல் வகை, கம்பைலர் செய்கிற சுத்தமான தவறு. நிரல் விதிப்படி சரியாக இருக்கிறது. கம்பைலர் அதை வேறாக மாற்றிவிடுகிறது. இதில் கொடுமை என்னவென்றால் எந்தச் சத்தமும் வராது. நிரல் நின்றுபோவதில்லை, எச்சரிக்கை இல்லை. விடை மட்டும் தப்பு. என்ன நடக்கிறது என்று பார்க்க நடுவில் ஒரு அச்சிடும் கட்டளையை நுழைத்தால், கம்பைலர் அந்த இடத்தை வேறு மாதிரி திருத்துகிறது, பிழை மறைந்துவிடுகிறது. எட்டிப் பார்த்தா ஒளிஞ்சுக்கிற பேய் மாதிரி.

இதைக் கண்டுபிடிக்கக் கையாண்ட முறை தமிழ் மாணவனுக்கு வேடிக்கையாக இருக்கும். 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. என்ன செய்தார்? பல ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஏடுகள் எங்கே முரண்படுகின்றனவோ அங்கே பாடபேதம். யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ரெகரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய சிஸ்மித் என்ற கருவியின் அடிப்படையும் இதுதான். அது தன்போக்கில் சி மொழி நிரல்களை எழுதித் தள்ளும், பல கம்பைலர்களிடம் கொடுக்கும், விடைகளை ஒப்பிடும். எங்கே விடை மாறுகிறதோ அங்கே எவனோ ஒருவன் தவறாகப் படித்திருக்கிறான். மூன்றாண்டு உழைப்பில் அதுவரை தெரியாத 325க்கும் மேற்பட்ட பிழைகளைக் கம்பைலர் செய்வோருக்கு அறிவித்ததாக 2011இல் வெளியான அவர்களது கட்டுரை சொல்கிறது. சோதித்த எந்தக் கம்பைலரும் தப்பவில்லை.

அதற்கு மூன்றாண்டு முன்பு, 2008இல், எரிக் ஐடும் ரெகரும் செய்த ஆய்வு என்னை இன்னும் அதிகம் உறுத்துகிறது. சி மொழியில் ‘வாலடைல்’ என்று ஒரு சொல் உண்டு. ‘இது உனக்கு மிகையாகத் தெரியலாம்; கைவைக்காதே’ என்று எழுதியவன் கம்பைலருக்கு வெளிப்படையாகச் சொல்கிற குறி அது. கருவிகளோடு நேரடியாகப் பேசும் நிரல்களில் ஒரே இடத்தை இரண்டு தடவை படிப்பதற்கு அர்த்தம் உண்டு. இரண்டாவது தடவை படிக்கும்போது உணர்கருவி வேறு எண் சொல்லலாம். அவர்கள் சோதித்த பதின்மூன்று கம்பைலர்களும் இந்தக் குறியிட்ட இடங்களை ஏதாவதொரு சந்தர்ப்பத்தில் தவறாக மாற்றின. ‘வெட்டாதே’ என்று எழுதி வைத்ததையும் வெட்டிய கதை இது.

4

இரண்டாம் வகை இதைவிடச் சிக்கலானது. இதில் கம்பைலர் ‘நான் தப்பே பண்ணலையே’ என்று சட்டத்தைக் காட்டும்.

சி மொழிக்கு 1989இல் அமெரிக்கத் தர நிர்ணயம் வந்தது. சில செயல்களைச் செய்தால் என்ன ஆகும் என்று அது சொல்லவில்லை. ‘வரையறுக்கப்படாத நடத்தை’ என்று ஒதுக்கிவிட்டது. எந்திரத்துக்கு எந்திரம் நடப்பு வேறுபடும் இடங்கள் பல இதில் சேர்ந்தன. காலப்போக்கில் கம்பைலர் செய்வோர் அந்த மௌனத்துக்கு ஒரு புதிய பொருள் கண்டார்கள்: வரையறுக்கப்படாததை நிரலர் ஒருபோதும் செய்ய மாட்டார், ஆகவே அப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று வைத்துக்கொண்டு திருத்தலாம்.

இதை எனக்குக் கண்முன் காட்டியவன் என் அண்ணன் மகன். கரியமாணிக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இரண்டே வரியில் ஒரு நிரல் எழுதினான். ஓர் எண்ணை வாங்கி, அதோடு ஒன்றைக் கூட்டினால் முன்னைவிடப் பெரிதாகுமா என்று கேட்கிற நிரல். 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2147483647. அதைக் கொடுத்தான். கிளாங் கம்பைலரை உகப்பாக்கம் இல்லாமல் ஓட்டியபோது ‘இல்லை’ என்றது. உச்சத்தைத் தாண்டிய எண் வண்டியின் மீட்டர் போலச் சுற்றிக் கீழே விழுந்து குறை எண்ணாகிவிட்டது. உகப்பாக்கத்தோடு ஓட்டியபோது ‘ஆம்’ என்றது.

“ஒரே நிரல், ஒரே எண். எப்புட்றா ரெண்டு பதில்?” என்றேன்.

“ரெண்டாவது தடவை அது கூட்டவே இல்ல சித்தப்பா. ஒண்ணக் கூட்டுனா பெருசாத்தான் ஆவும், இதுல கேக்க என்னா இருக்குன்னு கேள்வியவே தூக்கிடுச்சு. உச்சத்தத் தாண்டுனா என்னா ஆவும்னு சட்டத்துல எழுதல இல்ல?”

ஜிசிசி கம்பைலரைச் சுற்றி 2007இல் எழுந்த சண்டை இதே இடத்தில்தான். கூட்டுத்தொகை எல்லை மீறுகிறதா என்று பார்க்க நிரலர்கள் எழுதி வைத்திருந்த காவல் சோதனையைக் கம்பைலர் நீக்கிவிட்டது. பாதுகாப்பை நினைத்து எழுதிய வரி போய்விட்டதே என்று முறையிட்டவருக்குக் கிடைத்த பதில்: தர நிர்ணயத்தைப் படி, பழைய நடப்பு வேண்டுமானால் அதற்கென்று ஒரு விசை இருக்கிறது, போட்டுக்கொள். இதையொத்த சோதனைகளைக் கம்பைலர்கள் சத்தமில்லாமல் நீக்கக் கூடும் என்று 2008 ஏப்ரலில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த செர்ட் அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது.

2009இல் லினக்ஸ் கருநிரலிலேயே இது வெடித்தது. ஒரு நிரல் துண்டு, ஒரு முகவரியை முதலில் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரியில் ‘இந்த முகவரி வெறுமையா?’ என்று கேட்டது. எழுதியவரின் வரிசை பிசகுதான், சந்தேகமில்லை. கம்பைலர் இப்படி யோசித்தது: வீட்டுக்குள்ளே நுழைஞ்ச பிறகு கதவு பூட்டியிருக்கான்னு கேக்கிறான், நுழைஞ்சிருக்கான் என்றால் கதவு திறந்துதான் இருந்திருக்கும், கேள்வி மிகை. சோதனை நீக்கப்பட்டது. ஒரு சிறு பிசகு, முழு எந்திரத்தின் அதிகாரத்தையும் பறிக்க வழிவிடும் ஓட்டையாக வளர்ந்தது. அதன் பிறகு இத்தகைய சோதனைகளை நீக்கவே கூடாது என்று விசை போட்டுத்தான் லினக்ஸ் தொகுக்கப்படுகிறது.

கடவுச்சொல்லை அழிக்கும் வரியின் கதையும் இப்படியே. வேலை முடிந்ததும் நினைவகத்தில் கிடக்கும் கடவுச்சொல்லின் மேல் பூஜ்யங்களை எழுதி அழித்துவிடு என்று நிரலர் எழுதுவார். பிறகு அந்த இடத்தை யாரும் படிப்பதில்லை. ஆகவே அழிப்பது மிகை. ஆகவே கடவுச்சொல் அங்கேயே கிடக்கும். ‘இதை நிஜமாகவே அழி’ என்று சொல்வதற்காக 2014இல் ஓப்பன்பிஎஸ்டி ஒரு தனிக் கட்டளையைச் சேர்க்க வேண்டியிருந்தது.

இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்றும் கூற முடியாது. தர நிர்ணயக் குழு 1988இல் ‘நோஎலியாஸ்’ என்றொரு சொல்லைச் சேர்க்க முனைந்தபோது, சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியே கடுமையாக எதிர்த்து எழுதினார். குழுவின் விதிப்படி சட்டப்பூர்வமாகவும், பார்வைக்கு ஒழுங்காக உள்ள நிரல்களைச் சின்னாபின்னமாக்குவதாகவும் அமையும் உகப்பாக்கங்களுக்கு அது உரிமம் கொடுக்கும் என்பது அவர் வாதம். அந்தச் சொல் கைவிடப்பட்டது. அவர் அஞ்சிய தர்க்கம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

5

சட்டம் ஒன்று, நடப்பு வேறு என்ற நிலையைப் புதுச்சேரிக்காரனுக்கு விளக்கவே வேண்டியதில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ஆனால் அது ‘தெ ஃபக்தோ’, அதாவது நடப்பில் இணைப்பு. சட்டப்படியான ‘தெ ழூரே’ இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். இடையில் கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள் பாகூரிலும் நெட்டப்பாக்கத்திலும் வில்லியனூரிலும் மக்கள் நடப்பில் ஒரு நாட்டிலும் ஏட்டில் இன்னொரு நாட்டிலும் வாழ்ந்தார்கள்.

இணைப்பு ஒப்பந்தம் மௌனத்துக்கு என்ன பொருள் கொண்டது என்பதும் கவனிக்கத்தக்கது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுக்காதவர் இந்தியர். யோசித்து எழுதாமல் விட்டவரும், சேதியே எட்டாதவரும் ஏட்டில் ஒன்றுதான். மௌனம் ஒரு தரப்புக்குச் சாதகமாக வாசிக்கப்பட்டது. அந்த வாசிப்பு நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. மௌனத்தை வாசிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே இங்கு நமக்கு வேண்டியது.

கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சிலர் 2016இல் சி மொழி பற்றி வெளியிட்ட ஆய்வில் கையாண்ட சொல்லும் இதே ‘தெ ஃபக்தோ’ என்பது தற்செயல்தான். ஆனாலும் பொருத்தம் வியக்க வைக்கிறது. அச்சிட்ட தர நிர்ணயம் ஒன்று, நிரலர்களும் கம்பைலர்களும் நடப்பில் நம்பிக் கையாளும் மொழி வேறு என்று அவர்கள் காட்டினார்கள். இன்ன வரிக்கு என்ன நடக்கும் என்று அனுபவஸ்தர்களைக் கேட்டபோது பல கேள்விகளுக்கு அவர்களிடையே ஒருமித்த பதிலே இல்லை. எழுதுகிறவன் நடப்பு மொழியில் எழுதுகிறான். கம்பைலர் சட்ட மொழியில் படிக்கிறது. இரண்டாம் வகைப் பிழைகள் இந்த எல்லைக்கோட்டில் பிறக்கின்றன.

6

ரோலான் பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தது தமிழ்ச் சிறுபத்திரிகைகளுக்கு வந்து சேர்ந்தபோது அது ஒரு விடுதலையாகத் தோன்றியது. அர்த்தத்தின் ஏகபோக உரிமை ஆசிரியனிடமிருந்து வாசகனுக்குக் கைமாறுகிறது என்பது நல்ல சேதிதானே. ஆனால் அந்த வாசகன் யார்? கம்பைலரின் கதையில் எழுதியவனின் நோக்கம் கணக்கிலேயே இல்லை. பிரதியும் சட்டமும் மட்டுமே. பார்த் கேட்ட வாசகன் கிடைத்துவிட்டான் என்றே சொல்லலாம். விடை தப்பானால் மட்டும் செத்த ஆசிரியனை எழுப்பிக் கூண்டில் நிறுத்துகிறார்கள்: ‘நீ வரையறுக்கப்படாததை எழுதினாய்.’ ஆசிரியன் செத்துட்டான், கேஸ் மட்டும் அவன் பேர்ல.

தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்று இருவரைக் குறிப்பது நம் தொகை நூல் மரபு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. கம்பைலர் விஷயத்திலும் தொகுப்பித்தவரைக் கேட்க வேண்டும். சில்லு விற்பவர்களும் பெரிய கணினி நிறுவனங்களும் தங்கள் பொருளின் வேகத்தை எண்ணில் காட்டிப் போட்டியிடுகிறார்கள். வேகம் விளம்பரத்தில் வருகிறது. சரியான விடை விளம்பரத்தில் வருவதில்லை, அது இருந்தே தீரும் என்று எடுத்துக்கொள்ளப்படுவதால்.

மறுதரப்புக்கும் நியாயம் உண்டு, மறைப்பது நேர்மையாகாது. ஓர் எண் சுற்றிக் கீழே விழாது என்று எடுத்துக்கொண்டால்தான் சில சுழற்சிகளை மாற்றி அமைத்து வேகப்படுத்த முடியும். வானிலைக் கணிப்பு போன்ற பெருங்கணக்குகள் இந்த வேகத்தை நம்பியிருக்கின்றன. சுழற்சிகளைத் தானாகவே பல செயலிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ‘புளூட்டோ’ போன்ற கருவிகளை உருவாக்கிய உதய் பொண்டுகுலா, பொ. சடையப்பன் இருவருமே சென்னை ஐஐடியில் படித்தவர்கள். கட்டளைகளின் வரிசையை மாற்றினாலும் விடை மாறாது என்பதைக் கணித வழியில் உறுதிசெய்துகொண்டு மாற்றுகிற முறை அது. உகப்பாக்கமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. திருத்துகிறவன் தன் திருத்தத்துக்கு நிரூபணம் காட்ட வேண்டும் என்பதே கோரிக்கை.

அது முடியாத காரியமும் இல்லை. ஜான் மெக்கார்த்தியும் ஜேம்ஸ் பெயிண்டரும் 1967இலேயே ஒரு சிறு கம்பைலர் சரியானது என்று நிரூபித்துக் காட்டினார்கள். பிரான்சின் இன்ரியா நிறுவனத்தில் சேவியர் லெராய் உருவாக்கிய காம்ப்செர்ட், உகப்பாக்கத்தோடு சேர்த்தே நிரூபிக்கப்பட்ட சி கம்பைலர். சிஸ்மித் அதன் மேல் ஆறு ஆண்டு அளவுக்கு எந்திர நேரத்தைச் செலவிட்டும் நிரூபிக்கப்பட்ட நடுப்பகுதியில் தவறான மாற்றம் எதையும் காணவில்லை. அகப்பட்டவை நிரூபணத்துக்கு வெளியே இருந்த பகுதிகளில். நூனோ லோப்பஸ், சந்தோஷ் நாகரகட்டே முதலானோர் 2015இல் எல்எல்விஎம் கம்பைலரின் சில்லறைத் திருத்த விதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் கருவி செய்து எட்டு விதிகள் தவறென்று காட்டினார்கள். ஒவ்வொரு மொழிபெயர்ப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டு ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று நிரூபிக்கும் வேலையை டெல்லி ஐஐடியில் சோரவ் பன்சலின் குழு செய்திருக்கிறது.

7

இதெல்லாம் மென்பொருள்காரர்களின் உள்வீட்டுச் சண்டை, நமக்கென்ன என்று கேட்கலாம். பிரிட்டன் தபால் துறையின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் காட்டிய பற்றாக்குறைகளை நம்பி, 1999 முதல் 2015 வரை 900க்கு மேற்பட்ட கிளை அஞ்சலக நடத்துநர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் 2010இல் கர்ப்பிணியாகச் சிறை சென்றார். அது கம்பைலர் பிழை அல்ல. ஹொரைசனின் சொந்தப் பிழைகள். ஆனால் அவர்களைச் சிறைக்கு அனுப்பிய எண்ணம் நம் விஷயத்தைத் தொடுகிறது: கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்டும் பொறுப்பைச் சட்டம் 1999இல் நீக்கிவிட்டிருந்தது. ஒழுங்காக இயங்கியதாகவே கொள்ளப்படும். இல்லை என்பவன்தான் சந்தேகத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று லண்டன் உயர் நீதிமன்றம் சொல்ல 2019 ஆயிற்று. மொத்தமாகத் தண்டனைகளை ரத்து செய்ய 2024இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

இந்தியாவில் மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்க ஒரு சான்றிதழ் வேண்டும். முன்பு 65பி பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவு. அக்காலத்தில் கணினி முறையாக இயங்கியது என்பது அதன் சாரங்களில் ஒன்று. தவறாக மொழிபெயர்க்கப்பட்ட நிரலை ஓட்டும் கணினி முறையாகத்தான் இயங்குகிறது. மின்சாரம் நிற்கவில்லை, வட்டு பழுதாகவில்லை, எழுதிய நிரலிலும் பிசகில்லை. கையெழுத்துப் போடுபவர் பொய் சொல்லவில்லை. விடை மட்டும் தப்பு. எழுத்துக்கும் எந்திரத்துக்கும் நடுவே நிற்கிற மொழிபெயர்ப்பாளனைப் பற்றி அந்தச் சான்றிதழ் எதையும் கேட்பதில்லை.

ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீசிலும் ‘மிஷின் சொல்லுது, நான் என்ன பண்ண’ என்ற ஒற்றை வாக்கியத்தில் பேச்சு முடிந்துபோகிறது. நம் மனுக்களில் இனி கேட்க வேண்டிய கேள்விகள் சாதாரணமானவை. இந்தக் கணக்கைப் போட்ட நிரல் எது? எந்தக் கம்பைலர், எந்த விசைகளோடு அதைத் தொகுத்தது? உகப்பாக்கம் இல்லாமலும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தீர்களா? இரண்டு ஏட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது யார்?